தழை வைத்த பணம்

கண்டெடுத்த பணத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. எனக்கும் இருந்ததில்லை. ஒருமுறை அப்படிச் சேர்த்தும் இருக்கிறேன். அதனால் ஒரு பெண்ணால் தன் புருஷனிடமிருந்து விடுபட முடியாமல் போக இருந்தது. விடுபடுவதற்கென்றே மூன்று வருஷமாக அவள் ஒளித்துச் சேர்த்த பணம் அது. நான் அதை ஊர்க்கூட்டத்தின் நடுவில், அவள் புருஷன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே கொண்டுபோய் வைத்தேன். வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. சொந்த ஊர் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சி. வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள். இருந்த நிலம் இரண்டு பேருக்குத்தான் காணும். மூவரில் யார் வெளியே போவது என்ற கேள்வி வந்தபோது யாரும் அதிக நேரம் யோசிக்கவில்லை. மாடு என் பேச்சைக் கேட்காது; நான் ஏர் பிடித்தால் சால் கோணிக்கொண்டு போகும். இரண்டு வருஷம் ஒரு தானிய மண்டியில் வேலைக்கு இருந்தேன். பிறகு அப்பா கொஞ்சம் முதல் கொடுத்து, மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு கடை போட்டுக்கொள்ளச் சொல்லி அனுப்பிவைத்தார். முதல் கொடுத்தபோது வருத்தமாக இருந்தவர், அனுப்பிவைத்தபோது நல்ல சந்தோஷமாகவே இருந்தார்.

கடை என்றால் மண்சுவர், புல்கூரை, ஒரே அறை. உப்பு, கருவாடு, புகையிலை, தீப்பெட்டி. யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் மண்ணெண்ணெய் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சரக்கெல்லாம் அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாக ஏறி வரும். மலைக்காரர்கள் மிளகும் சாமையும் கடுகும் கொண்டுவந்து போடுவார்கள். அதற்கு ஈடாக நான் உப்போ காசோ கொடுப்பேன்.

எனக்கு முன்னால் அங்கே கடை வைத்திருந்தவரிடம் இரண்டு படிகள் இருந்தன. வாங்குவதற்குப் பெரிய படி, விற்பதற்குச் சின்னப் படி. விஷயம் ஊருக்குத் தெரிந்த அன்று அவர் படிகளை விட்டுவிட்டு மலையிறங்கிப் போய்விட்டார். அந்த இரண்டையும் கயிற்றில் கட்டி ஊர்க்கவுண்டர் தம் வீட்டு வாசலில் தொங்கவிட்டிருந்தார். ஊர்க்கவுண்டர் என்பவர் அந்த ஊருக்குத் தலைவர். வழக்கு, கல்யாணம், தீர்வை எல்லாம் அவர் முன்னிலையில்தான். நான் போய்ச் சேர்ந்த முதல் நாள் என்னை அழைத்துக்கொண்டு போய் அந்தப் படிகளைக் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க சாமி" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னிடம் ஒரே படிதான் இருக்கும் என்றும், இந்த மலையில் நேர்மையான மனிதன் என்று பெயர் வாங்காமல் கீழே இறங்குவதில்லை என்றும் அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். படியை அவரிடமே கொடுத்துச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். மூன்று வருஷம் அந்த ஒரே படியால்தான் வாங்கினேன், விற்றேன்.

ஆனால் மண்டியில் பழகிய ஒரு வழக்கம் என்னோடு மலையேறி வந்திருந்தது. மிளகை அளந்து முடித்ததும், கொண்டுவந்தவரின் கூடையில் மிச்சமிருப்பதிலிருந்து 'சாமிக்கு' என்று சொல்லி ஒரு பிடி அள்ளித் தனிக் கூடையில் போட்டுக்கொள்வோம். அடிவாரத்துக் கோயிலுக்கு என்று கணக்கு. மண்டியில் அந்தக் கூடையையும் மற்ற சரக்கோடு சேர்த்து விற்றுவிடுவார்கள். சாமிக்கு வருஷத்துக்கு ஒரு கட்டி சூடம் போகும். நானும் அப்படியே செய்தேன். அதைத் திருட்டு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. திருடுகிறவன் ஒளித்து எடுப்பான். நான் எல்லோர் கண்முன்னாலும், சாமி பேரைச் சொல்லி எடுத்தேன். என் கை கொஞ்சம் பெரிய கை.

மலைக்காரர்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. காட்டில் விறகு வெட்டிக் கட்டிவிட்டு மறுநாள் வந்து எடுக்கலாம் என்று விட்டுப் போகிறவன், கட்டின்மேல் ஒரு பச்சைத் தழையை ஒடித்து வைப்பான். தழை இருந்தால் அது ஒருவருடையது. தொடக்கூடாது, யாருடையது என்று விசாரிக்கவும் கூடாது. தழை வாடினால் உடையவர் வந்து வேறு வைப்பார். பாதையோரம் தழை வைத்த ஒரு பலாப்பழம் கிடந்து அழுகிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். வைத்தவன் காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். பழம் நாறிக்கொண்டு கிடந்தது; எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிப் போனார்கள். நானும் சுற்றித்தான் போனேன். ஆகவே வழக்கம் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

இனி அந்தப் பெண். மாதத்தில் மூன்று நாலு தடவை மிளகு கொண்டுவருவாள். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடுதலாகவும் இருக்கலாம். அதிகம் பேசமாட்டாள். கூடையைக் கடையின் பின்மூலையில், உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இறக்கி வைப்பாள். அங்கேதான் எல்லோரும் சுமை இறக்குவார்கள். சில்லறையாகக் காசு வாங்கமாட்டாள்; "ரூவாயாச் சேரட்டுங்க" என்பாள். ஒரு ரூபாய் சேர்ந்ததும் வெள்ளி ரூபாயாகத்தான் கொடுக்க வேண்டும். நோட்டை நீட்டினால் "காயிதம் நனஞ்சா என்னாகுமுங்க?" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொள்வாள். வாங்கிக்கொண்டு கூடையை எடுக்க மூலைக்குப் போவாள். கூடை எடுக்க எவ்வளவு நேரமாகுமோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அங்கே நிற்பாள்.

அவள் புருஷனையும் எனக்குத் தெரியும். சிரித்த முகம். கடைக்கு வந்தால் ஊர்க்கதை பேசிவிட்டு ஒரு கிள்ளுப் புகையிலை கடனாக வாங்கிப் போவான். அவனைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஊரில் யாரிடமும் எதுவும் இல்லை. அவளிடம் இருந்திருக்கும், அவளை யாரும் கேட்டதில்லை.

அந்தப் பின்மூலையில் ஒரு தொந்தரவு இருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை, மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நொச்சித் தழை கிடக்கும். குனிந்து பார்க்காமல் விளக்குமாற்றை விட்டுக் கூட்டித் தள்ளுவேன். மறுபடியும் கிடக்கும். சுமையில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று முதலில் நினைத்தேன். பிறகு எலி இழுத்து வருகிறது என்று முடிவு கட்டினேன். கூடு கட்டுவதற்கு என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒரு எலிப்பொறி வரவழைத்து அந்த மூலையில் வைத்தேன். எலி விழவில்லை. ஒருநாள் பொறியின்மேலேயே தழை இருந்தது. இந்த மலையில் எலிகூடத் திமிர் பிடித்தது என்று திட்டிக்கொண்டே அதையும் கூட்டினேன். வெளியே பாதையில் இருக்கிற வழக்கம் என் கடைக்குள்ளும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைக்குள் இருப்பதெல்லாம் என்னுடையது என்ற நினைப்பு எனக்கு.

மூன்றாம் வருஷ மழையில் உப்பு கசிந்து தரை ஈரமாகிவிட்டது. பலகை போடலாம் என்று, இருந்த இடத்திலேயே நிரப்பிவந்த அந்த மூட்டையை முதல் தடவையாக நகர்த்தினேன். சுவரோரம் ஒரு மூங்கில் குழாய் நின்றது. ஒரு முழம் இருக்கும். வாயைத் துணி வைத்து இறுக்கி அடைத்திருந்தது. தூக்கினால் கனம்; ஆட்டினால் உள்ளே வெள்ளி ரூபாய்களின் சத்தம்.

என் மனதில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. ஆனால் யாருடைய கஷ்டமோ என்றும் நினைக்கவில்லை. 'கிடைத்துவிட்டது' என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷமாக நேர்மையாக இருந்தும் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஊர்க்கவுண்டர் வாசலில் அந்தப் படிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இதோ, ஊர் முழுவதும் பார்க்கும்படி ஒரு சந்தர்ப்பம். யாரோ தவறவிட்டது என்று உடனே தீர்மானித்தேன். ஒரு முழ மூங்கில் குழாய் மூட்டைக்குப் பின்னால் போய்ச் செங்குத்தாகத் தவறி விழுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை. அது தொலைந்த பணமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நாலு நாளில் ஊர்க்கூட்டம். அன்றே ஊர்க்கவுண்டரிடம் போய்க் குழாயைக் காட்டியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். காட்டவில்லை. "கூட்டத்துல ஒரு சமாச்சாரம் சொல்லோணுங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன். முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கூட்டத்தில் எடுபடாது.

நடுவில் ஒருநாள் அந்தப் பெண் மிளகோடு வந்தாள். மூலைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, மூட்டைய நகத்துனீங்களாட்டிருக்குது?"

"உப்பு கசியுது. அதான்" என்றேன்.

"அங்க வேற எதும் இருந்துச்சுங்களா?"

கண்டெடுத்த பொருளை முதலில் வந்து மோப்பம் பிடிக்கிறவர் உடையவராக இருக்கமாட்டார் என்று மண்டியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பணத்தைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொண்டுவந்த மிளகை அளக்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விசித்திரமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கோயிலுக்கு முன்னால் இருந்த வெளியில் நடக்கும். நடுவில் ஒரு தட்டைக் கல். வழக்குப் பொருளோ, அபராதமோ, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் பரியப் பணமோ எதுவானாலும் அந்தக் கல்லின்மேல்தான் வைப்பார்கள். ஆண்கள் சுற்றி உட்காருவார்கள். பெண்கள் பின்னால் நிற்பார்கள். அன்றைக்கு முதல் வழக்கு சாமைக் காட்டில் மேய்ந்த ஒரு ஆடு. அது முடியவே பொழுது சாயத் தொடங்கிவிட்டது. எனக்குப் பொறுமை இல்லை. வேட்டியைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

என்னைக் கூப்பிட்டதும் போய்க் குழாயைக் கல்லின்மேல் வைத்தேன். தயாரித்து வைத்திருந்ததைப் பேசினேன். யாரோ பாவம் தவறவிட்டுவிட்டார்கள், எனக்கு அடுத்தவர் காசு வேண்டாம், அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பேசி முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்தேன்.

ஊர்க்கவுண்டர் குழாயைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"இது எங்க இருந்துச்சு சாமி?"

"என்ற கடையிலதானுங்க. உப்பு மூட்டைக்குப் பின்னால."

"உழுந்து கெடந்துச்சா, நிறுத்தி வெச்சிருந்துச்சா?"

"செவுத்தோரம் நிறுத்தி வெச்சாப்பல இருந்துச்சுங்க."

"மேல தழை இருந்துச்சா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இருந்துச்சுங்க. கூட்டித் தள்ளிட்டேன்."

"எப்ப?"

"மூணு வருசமாவேங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"எலின்னு நெனச்சேனுங்க" என்றேன். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஊர்க்கவுண்டர் நிமிர்ந்து, "இது தொலஞ்ச பணமில்ல சாமி. வெச்ச பணம். எடுத்த எடத்துலயே கொண்டுபோயி வெச்சுட்டு, ஒரு தழைய ஒடிச்சு மேல போட்டுருங்க. யாருதுன்னு யாரும் கேக்க வேண்டாம்" என்றார்.

நல்ல தீர்ப்பு. நான் குழாயை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது அவள் புருஷன் எழுந்தான்.

"கொஞ்சம் பொறுங்க கவுண்டரே. அது என்ற ஊட்டுக் குழாயி. வாயில சுட்ட தழும்பு இருக்குது பாருங்க, நானே வெட்டிக் காச்சுனது. குழாயி என்ற ஊட்டுதுன்னா, உள்ள இருக்கறதும் என்ற ஊட்டுதுதானுங்களே?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. வழக்கம்போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தழும்பு இருந்தது.

"உள்ள எத்தன ரூவா இருக்குது?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"பொம்பள வெச்ச பணம். அவளக் கேட்டாத் தெரியும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் விலகி வழிவிட, அவள் முன்னால் வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"இருவத்தேழுங்க" என்றாள். "எனக்குப் போட்ட பரியம் முப்பது ரூவாயிங்க. இதே கல்லு மேலதான் வெச்சாங்க. அதைத் திருப்பி வெக்கறக்குத்தான் சேத்தேன். ஊட்டுல வெச்சாத் தங்கறதில்ல. ரெண்டு தடவ சாமைக் கூடைக்குள்ள வெச்சேன். ரெண்டு தடவையும் குண்டனி நாட்டுக்குப் போயிருச்சு. அங்க இவுருக்கு இன்னொரு ஊடு இருக்குது. அதான் கடையில வெச்சேன்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடையில கூட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அந்த மலையில் வழக்கம் இதுதான். பெண்ணுக்குப் போட்ட பரியத்தைக் கூட்டத்தில் திருப்பி வைத்துவிட்டால் கல்யாணம் தீர்ந்தது. சாதாரணமாக அவளை அடுத்துக் கட்டிக்கொள்ளப் போகிறவன் வைப்பான். இல்லாவிட்டால் பிறந்த வீட்டார் வைப்பார்கள். அவளே சம்பாதித்து வைப்பது அதுவரை நடந்ததில்லை. வைக்கக்கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. ஆனால் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்ன காரியம் கூட்டம் எழுவதற்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடும். பணம் மறுபடி வீட்டுப் பணம், வீடு அவனுடையது.

ஊர்க்கவுண்டர் குழாயைக் கவிழ்த்தார். இருபத்தேழு இருந்தது.

"மூணு கொறையுது அம்மணி."

"ஆமாங்க. அடுத்த வருசத்து மொளகுக்குச் சேந்திருக்கும்."

அடுத்த வருஷம் வரை அவளைப் பொறுக்கவிடாமல் செய்தவன் கஞ்சி போட்ட வேட்டியோடு அங்கே நின்றுகொண்டிருந்தான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சிலர் மாடு கட்ட வேண்டும் என்று எழுந்து நின்றுவிட்டார்கள். அவளுடைய அண்ணன் கூட்டத்தில்தான் இருந்தான். தன் கால் கட்டைவிரலை அதற்குமுன் பார்த்தேயிராதவன் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான். புருஷன் காசுகள் கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

என் மடியில் ஐந்து ரூபாய் இருந்தது. "நான் குடுக்கறேனுங்க" என்றேன்.

கூட்டம் முழுவதும் சிரித்தது. "அப்பக் கடைக்காரரு கட்டிக்கறாரா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். பரியத்தில் ஒரு காசு வைத்தாலும் வைக்கிற வெளி ஆண்தான் மாப்பிள்ளை, அதுவும் வழக்கம். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் புருஷனுக்குப் பதில் நீயா என்ற கேள்விகூட இல்லை. தொந்தரவு செய்யாமல் நகர்ந்துபோ என்பது மட்டும் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தபோது வெட்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கையில் மிளகு வாசம் அடித்தது. காலையில்தான் யாரிடமோ ஒரு பிடி அள்ளியிருந்தேன். இந்தப் பெண்ணிடம் மூன்று வருஷம், வந்த ஒவ்வொரு தடவையும் அள்ளியிருக்கிறேன். அவள் எந்தக் காசுக்காகக் காத்துக்கொண்டிருந்தாளோ அதில் கொஞ்சம் என் கூடைக்குள் போயிருந்தது. தொலைந்த பணத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தேனே தவிர, தொலையாமல் என் வீட்டில் கிடந்த பணத்தைப் பற்றி எனக்கு யோசனையே வரவில்லை. அதைச் சொன்னால் பெயர் போய்விடும். மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த பெயர் அது. போகட்டும் என்று உடனே தோன்றிவிட்டதாகச் சொன்னால் பொய். ஊர்க்கவுண்டர் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றும் வரை நான் உட்கார்ந்தேதான் இருந்தேன்.

பிறகு எழுந்தேன். "கவுண்டரே, அந்த மூணு ரூவா அவுங்களுதுதானுங்க. எங்கிட்டத்தான் இருக்குது."

"எப்படி?"

"மொளகு அளக்கறப்ப சாமிக்குன்னு ஒரு பிடி எடுப்பேனுங்க. அது சாமிக்குப் போகலீங்க."

"எங்க போச்சு?"

"எனக்குத்தானுங்க போச்சு."

இப்போது உண்மையாகவே எல்லோரும் என்னைக் கவனித்தார்கள்.

"அந்தப் பொண்ணுகிட்ட எடுத்த பிடிக்கு எத்தன ஆகும்?"

"மூணு ரூவா ஆகுமுங்க" என்றேன். உட்கார்ந்திருந்தபோது மனதுக்குள் போட்ட கணக்கில் இரண்டே கால் ரூபாய்தான் வந்தது. அந்தக் கூட்டத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மூன்று ரூபாயைக் கல்லின்மேல் வைக்கப் போனேன். "இங்க வெக்காதீங்க. அவ கையில குடுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள்தான் வைத்தாள்.

"அப்பவும் கடைக்காரரு காசுதானுங்களே?" என்று புருஷன் கேட்டான். முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அவ மொளகு, அவ காசு" என்றார் ஊர்க்கவுண்டர். "திருடுனவன் திருப்பிக் குடுத்தா மாப்பளையாயிருவானா? அப்படிப் பாத்தா இந்த மலையில பாதிப் பேரு மாப்பளைதான். காச எண்ணிக்க."

அவன் எண்ணினான். சரியாக இருந்தது. ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டு துண்டாகப் போட்டார்கள். அதோடு கல்யாணம் தீர்ந்தது. அவள் காலிக் குழாயை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்ததால், அண்ணன் தன் காட்டோரத்தில் குடிசை போட்டுக்கொள்ள இடம் கொடுத்தான்.

என்னை யாரும் திட்டவில்லை. ஊர்க்கவுண்டர் மட்டும் மறுநாள் ஆள் அனுப்பி என் சாமிக் கூடையை வாங்கிப் போனார். அன்று மாலையே அது அந்த இரண்டு படிகளோடு சேர்ந்து தொங்கியது. அதை நான் பார்க்கப் போகவில்லை. பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்.

அதற்கு முன்பே, விடிந்ததும் விடியாததுமாகக் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். தங்களிடம் எடுத்த பிடிக்கு என்ன ஆகும் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். யாரிடம் எத்தனை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மிளகே விளையாத பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் உப்பு கொடுத்தேன். அந்த வருஷம் என் கடையில் நடந்த வியாபாரம் இதுதான்.

சேதி மலையிறங்கி முள்ளுக்குறிச்சிக்குப் போனபோது, நான் ஒரு மலைப் பெண்ணுக்குப் பரியம் கட்டிவிட்டேன் என்று ஆகியிருந்தது. அப்பா மூச்சிரைக்க மலையேறி வந்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மொத்தம் எத்தன திருடுன?"

"அவுங்ககிட்ட ரெண்டே கால் ரூவாய்ங்க."

"மூணு குடுத்தயா?"

"ஆமாங்க."

"உனக்குத் திருடவும் தெரியல" என்று சொல்லிவிட்டுச் சோறு கேட்டார்.

இரண்டு மாதம் அந்தப் பெண் கடைப் பக்கம் வரவில்லை. ஊரில் எங்கே பார்த்தாலும் பேசவில்லை. "அங்க வேற எதும் இருந்துச்சுங்களா" என்று அவள் கேட்டதும், "ஒண்ணுமில்லீங்க" என்று நான் சொன்னதும் எனக்கு அடிக்கடி நினைவு வரும். அன்றிலிருந்து கூட்டம் வரை, நான் திருடிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்கினாள் என்று நினைத்தால், இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு ஒருநாள் மிளகோடு வந்தாள். அளந்தேன். அளந்து முடித்ததும் என் கை பழக்கத்தில் அவள் கூடைப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது. அவள் பார்த்தாள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன். காசை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனாள். கூடைக்குள்ளிருந்து அதே மூங்கில் குழாயை எடுத்து, உப்பு மூட்டைக்குப் பின்னால் சுவரோரம் நிறுத்தினாள். இந்தத் தடவை ஒளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்து ஒரு நொச்சித் தழையை எடுத்து மேலே வைத்தாள்.

"இது எலி வெச்சதில்லீங்க" என்றாள்.

"திருடன்னு ஊரே சொல்லுது. எங்கிட்ட நம்பி வெக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"உங்கள நம்பி இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தழையை விரலால் கொஞ்சம் சரிசெய்தாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

எதற்காகச் சேர்க்கிறாள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடையில் இன்னும் நாலு வருஷம் இருந்தேன். அந்த மூலையை மட்டும் கூட்டவே இல்லை.